மிகக் கடுமையாக எதிர்க்கிறோம்

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று பல் டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

ஜவுளிக்காரர் மனுவை மறுபடியும் அவர் பக்கம் நகர்த்தினார். தெருவில் இருபத்திரண்டு வீடு. இருபத்தொரு கையெழுத்து வாங்கியாகிவிட்டது.

"என்ன டாக்டர் இது? அடுக்குமாடி வந்தா மேல நின்னு உங்க குளியலறையை எட்டிப் பார்ப்பாங்கன்னு முதல்ல கத்துனதே நீங்கதானே?"

"கத்துனேன். இதுல என்ன எழுதியிருக்கு பாருங்க. 'கடுமையாக எதிர்க்கிறோம்.' வெறும் கடுமையா? 'மிகக் கடுமையாக'ன்னு மாத்திட்டு வாங்க அண்ணே, போடறேன்."

ஜவுளிக்காரர் நாற்பது வருடம் ஒரு சன்னல்கூட இல்லாத கடையில், குழல்விளக்கு வெளிச்சத்தில் துணி கிழித்தவர். வெளியே பகலா ராத்திரியா என்று வாடிக்கையாளரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டு இந்த வீட்டை வாங்கியதற்கு ஒரே காரணம், மாடி வராந்தாவில் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை விழும் வெயில். நாற்காலியைப் போட்டு, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, பேப்பரை விளம்பரம் உட்பட எழுத்து விடாமல் படிப்பார். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மீதி இருபத்திரண்டு மணி நேரத்தையும் பொறுத்துக்கொண்டிருந்தார்.

வெயில் வருவது கிழக்கே இருந்த காலி மனையைத் தாண்டி. அந்த மனையில்தான் ஆறு மாடி, நாற்பத்தெட்டு வீடு கட்ட உத்தேசம் என்றும், தெருவாசிகள் முப்பது நாளைக்குள் கருத்துச் சொல்லலாம் என்றும் ஒரு கட்டுமான நிறுவனம் வீட்டுக்கு வீடு கடிதம் அனுப்பியிருந்தது. கடிதம் ரொம்பப் பணிவாக இருந்தது. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. விற்கிறவன் எப்போது குழைவான் என்று அவருக்குத் தெரியாதா?

கடிதம் வந்த அன்று மாலையே டீச்சர் வீட்டில் கூட்டம் நடந்திருந்தது. டீச்சர் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் உட்கார்ந்தவரின் உட்காரும் முறையைக்கூடத் திருத்துவார்.

"நாம வீடு கட்டறதுக்கு எதிரி இல்லை. அதைத் தெளிவா சொல்லிடணும்" என்றார் டீச்சர். அவர் வீடு இருக்கும் இடத்தில் ஆறு வருடத்துக்கு முன்பு பதினோரு மரங்கள் இருந்தன.

"ஆமா, ஜனங்களுக்கு வீடு வேணும்தான். பக்கத்துத் தெருவுல வேணும்" என்றார் பல் டாக்டர். அவர் யாரையும் கேட்காமல் எழுப்பிய மூன்றாவது மாடியில் இரண்டு குடும்பம் வாடகைக்கு இருந்தது.

மனு எழுதும் பொறுப்பை டீச்சர் எடுத்துக்கொண்டார். "எதைக் கெடுக்கப் போறாங்கன்னு அவங்களுக்குப் புரிய வேண்டாமா? முதல்ல தெருவோட அருமையைச் சொல்வோம்."

நான்கு பக்கத்துக்குச் சொன்னார். மழை நின்ற பத்தாவது நிமிடம் தெரு காய்ந்துவிடும். வாசலில் விட்ட செருப்பு மறுநாளும் வாசலிலேயே கிடக்கும். குழந்தைகள் சாலையைக் கடக்காமலே பள்ளிக்கூடம் போகலாம். கோடையிலும் மின்விசிறி தேவையில்லை. ஐந்தாம் பக்கத்தில்தான் எதிர்ப்பே வந்தது. அதில் 'மிக' என்ற சொல்லைச் சேர்த்த பிறகு இருபத்திரண்டாவது கையெழுத்தும் விழுந்தது.

வீடு தன் பேரில் இருந்ததால் ஜவுளிக்காரர் வீட்டுக் கையெழுத்தை அவர் மனைவிதான், அதுவும் ஒப்புக்குத்தான் போட்டிருந்தாள்.

"நாப்பத்தெட்டு வீடு வந்தா பேச்சுத் துணைக்கு நாப்பத்தெட்டு பொம்பளைங்க வருவாங்க. இப்ப யாரு இருக்கா? டீச்சர்கிட்ட ஒரு வாக்கியம் முழுசா பேச முடியுதா?"

"என் வெயில் போயிடும்டி."

"வெயில் எங்க போகும்? அவங்க மொட்டை மாடியில இருக்கும். போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க."

பத்தாம் நாள் பதில் வந்தது. 'தங்கள் மேலான கருத்துகள் எங்களுக்குப் பெரிதும் பயன்பட்டன. அவற்றின் அடிப்படையில் திட்டம் மேம்படுத்தப்பட்டுள்ளது. தற்போது ஒன்பது மாடிகள்.'

"எழுத்துல கேக்கற ஜாதி இல்லைண்ணே இவங்க. தெருவுல இறங்கணும்" என்றார் பல் டாக்டர்.

இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் கைகோத்து நின்றார்கள். ஜவுளிக்காரர் மருமகனிடம் கேட்டு ஒரு முழுக் கட்டு வெள்ளைத் துணி வரவழைத்திருந்தார். 'எங்கள் தெருவை விட்டுத்தர மாட்டோம்' என்று அதில் டீச்சர் பிழையில்லாமல் எழுதினார். பேப்பர்காரர் வந்து படம் எடுத்தார். மறுநாள் ஜவுளிக்காரர் வெயிலில் உட்கார்ந்து அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தார். பின்னால் மரங்கள், நடுவில் சிரித்த முகங்கள், குப்பை ஒரு துண்டு இல்லாத சாலை. தெரு அவ்வளவு அழகு என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஊருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கார்கள் வரிசையாக வந்தன. கைக்குழந்தையோடு இறங்கிய ஒருவர் ஜவுளிக்காரர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு கேட்டார்:

"சார், இங்க செருப்பை வெளியிலேயே விடலாமாமே?"

"யார் சொன்னா?"

அவர் ஒரு வழவழப்பான விளம்பரத்தாளை நீட்டினார். டீச்சர் எழுதிய நான்கு பக்கமும் அதில் இருந்தது. ஐந்தாம் பக்கத்தை மட்டும் காணோம்.

கார்களைப் பார்க்க வந்த டீச்சர் அதை வாங்கிப் படித்தார். முகம் சிவந்தது. "ஒரு ஒற்றெழுத்தை விட்டுட்டானுங்க, பாவிங்க."

அந்த வாரமே அடுத்த கடிதமும் வந்தது. 'பொதுமக்களின் ஆர்வத்தைக் கருத்தில் கொண்டு' பன்னிரண்டு மாடி.

இதற்குமேல் பொறுப்பதில்லை என்று ஜவுளிக்காரர் கடைக்கார மூளையைத் தட்டி எழுப்பினார். "தப்பு நம்ம மேலதான். சரக்கை நாமளே புகழ்ந்துட்டோம். இனிமே சரக்கு மட்டம்னு சொல்லுவோம்."

புது மனு தயாரானது. தண்ணீர் உப்பு. சாக்கடை நாற்றம். வாரத்துக்கு ஒரு பாம்பு.

"பாம்பை எடுத்துருங்க. என் வீட்டுல வாடகைக்கு இருக்கறவங்க பயந்துக்குவாங்க" என்றார் பல் டாக்டர்.

"எது, அந்த மூணாவது மாடியா? அங்க பாம்பு ஏறாது."

"அந்த மாடியைப் பத்தி எதுலயும் எழுதாதீங்க அண்ணே."

பேரம் பேசி, பாம்பை மாதத்துக்கு ஒன்றாகக் குறைத்தார்கள்.

மனுவைப் படித்துவிட்டு நிறுவனம் நேரில் பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொன்னது. நாற்றத்துக்கு எங்கே போவது? வேறு வழியில்லாமல் ஆளாளுக்கு வீட்டுக் குப்பையைக் காலி மனையின் ஓரத்தில் கொட்டினார்கள். டீச்சர்கூட, காய்கறித் தோலைத் தனியாகவும் காகிதத்தைத் தனியாகவும் பிரித்துக் கொட்டினார். நிறுவனத்து ஆள் நாளைக்கு, நாளைக்கு என்று பதினெட்டு நாள் கழித்து வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் பார்த்தார். ஏதோ குறித்துக்கொண்டார். போகும்போது ஜவுளிக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

பத்தொன்பதாம் நாள் காலை ஜவுளிக்காரர் மாடி ஏறி நாற்காலியை விரித்தார். இரண்டு நிமிடத்தில் மடக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"என்னங்க, வெயில் இல்லையா?" என்றாள் மனைவி.

"இருக்கு."

"பின்ன?"

"உக்கார முடியலை. ஈ மொய்க்குது."

"நீங்களே சேத்து வெச்ச ஈதானே. ரெண்டு மணி நேரம் அதுங்களோட பேசிட்டு வாங்க."

அடுத்த திங்கட்கிழமை ஒரு லாரி வந்து குப்பை முழுவதையும் அள்ளிக்கொண்டு போனது. வெற்றி என்று தெருவே நினைத்தது. மாலைக்குள் மனையைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். தகரத்தில் எழுதியிருந்தது: பதினான்கு மாடிகள்.

ஜவுளிக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு நேராக நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனார். வியாபாரத்தில் கடைசிப் பேச்சு முதலாளியோடு முதலாளிதான் பேச வேண்டும். ஆனால் முதலாளி இல்லை. முன்மேசையில் ஒரு பெண் கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். தெருவின் பெயரைச் சொன்னதும் எழுந்தே விட்டாள்.

"உக்காருங்க சார். உங்க மனு வந்தா ஆபீஸே நின்னு படிக்கும்."

"படிச்சு என்னம்மா புண்ணியம்? ஆறுல ஆரம்பிச்சு பதினாலுல நிக்கறீங்க. எந்த ஊர்லயாவது பேரம் பேசப் பேச விலை ஏறுமா?" அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "நான் ஒரு முடிவோட வந்திருக்கேன். நாலு மாடி. தெருவைச் சம்மதிக்க வைக்கறது என் பொறுப்பு. எனக்கு வேண்டியது ரெண்டு மணி நேர வெயில்தாம்மா. வேற ஒண்ணும் கேக்கலை."

"ஐயோ, இப்ப குறைக்க முடியாது சார். எல்லா வீடும் பதிவாயிடுச்சு."

"அவ்வளவு எதிர்த்தோமே. சோர்ந்து போய் மனையை வித்துட்டுப் போவீங்கன்னு நெனச்சேன்."

"விக்கறதா? மனையை வாங்குனதே போன வாரம்தானே சார்."

ஜவுளிக்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "மூணு மாசத்துக்கு முன்னாடியே கடிதம் போட்டீங்களேம்மா. அப்ப மனையே உங்களது இல்லையா?"

அவள் அடுத்த கடிதத்தை எடுத்து முத்திரையைக் குத்தினாள்.

"அந்தக் கடிதம் எட்டுத் தெருவுக்குப் போச்சு சார். ஏழு தெருவுல ஒருத்தர்கூட எதிர்க்கலை. எதிர்க்க ஆளில்லாத இடத்துல யாரு சார் வீடு வாங்குவா?"