பனிக்கட்டிக்கு நடுவே ஒரு கேக்

மதிப்பிற்குரிய அக்கா செவெரினா அவர்களுக்கு,

தம்பி எனோக் பணிவுடன் எழுதுவது. இலுலிசாட்டில் நீங்களும் அத்தானும் பதினான்கு பனிவண்டி நாய்களும் நலமென்று நம்புகிறேன். என் முழங்காலைத் தவிர நானும் நலம்.

ஏழு வருடங்களுக்கு முன் உங்கள் பிறந்தநாள் காபி விருந்தில், ஊரே கூடியிருக்கும்போது, உங்கள் கேக்கைக் கல் என்று சொன்னவன் நான். அன்றோடு நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். இன்று உங்களுக்கு அறுபது. என் கையாலேயே ஒரு கேக் சுட்டு, உங்கள் மேசையில் வைத்து, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டே தீருவது என்று கப்பலேறினேன். மூன்று கேக் கருகின, நான்காவது எழும்பியது.

காலை எட்டு மணிக்குப் பனிமலைகள் விரிகுடாவை அடைத்துவிட்டன. "பனியா பாத்து விலகினாத்தான் உண்டு" என்று கேப்டன் எஞ்சினை நிறுத்திவிட்டார். உங்கள் ஊர் வீடுகள் கண்ணுக்குத் தெரிகின்றன, போகத்தான் வழியில்லை. அந்த வயிற்றெரிச்சலில் பக்கத்து அறை நர்ஸ் துபார்னாவிடம், "இன்னிக்கு எங்க அக்காவுக்குப் பொறந்தநாள் விருந்தும்மா" என்று சொல்லித் தொலைத்தேன். விருந்து என்று காதில் விழுந்தால் போதாதா நம் ஜனங்களுக்கு? கால் மணி நேரத்தில் என் அறை வாசலில் முப்பது ஜோடி பூட்ஸ், உள்ளே காலுறையோடு ஒருவர் மடியில் ஒருவர், கெண்டி நிறையக் காபியோடு கப்பல் சமையல்காரன் வேறு. "அக்கா பாக்காம வெட்ட மாட்டேன்" என்று கேக் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கிழவர், "விருந்துக்கு வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்புனா உங்கக்கா மானம் என்னய்யா ஆகும்?" என்றார். உங்கள் மானம் என்றதும் கத்தியை எடுத்துவிட்டேன். உங்களுக்கென்று ஒளித்துவைத்த கடைசித் துண்டைக் கூட்டத்திலிருந்த பாதிரியார் தின்றார். கடவுள் அவரை மன்னிக்கட்டும், நான் மாட்டேன்.

ஆகவே, வெறுங்கையோடு உங்கள் வாசலை மிதிப்பதில்லை. பனி விலகினாலும் இறங்க மாட்டேன். இதே கப்பலில் திரும்பிப் போய், அடுத்த வருடம் இரண்டு கேக்கோடு வருவேன். இதில் மாற்றமில்லை. இக்கடிதத்தைக் கேப்டன் கரையில் சேர்ப்பிப்பார்.

உங்கள் வீட்டில் இறைச்சியும் விருந்தாளியும் என்றும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உறுதி குலையாத தம்பி,
எனோக்

பி.கு.: சமையல்காரன் வயர்லெஸ்ஸில் கரைக்கு எல்லாவற்றையும் உளறிவிட்டானாம். பனிக்கட்டிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு சின்னப் படகு வந்து கீழே நிற்கிறது. அதில் நிற்பது நீதான் அக்கா. "டேய் எனோக்! உன் கேக்கத் தின்னவங்கல்லாம் உசுரோட இருக்காங்களாடா? கேக்கு கெடக்குது, நீ எறங்குடா!" என்று நீ கத்துவது கப்பல் முழுக்கக் கேட்கிறது. ஏழு வருடம் கழித்து என்னை 'டேய்' என்கிறாய். கயிற்றேணி போட்டுவிட்டார்கள். மேலே எழுதியதைப் படிக்காமல் கிழித்துப்போடு, நான் இறங்குகிறேன்.