அத்தர் பாயின் இடது காது

கீழ்வேளூர் வட்டாரத்தில் அத்தர் பாய்க்குத் தெரியாமல் ஒரு மோட்டாரும் செத்ததில்லை. கடைவீதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஆனால் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனால் திட்டு விழும். "எதுக்கு தம்பி தூக்கிட்டு வர்றீங்க? போனை மோட்டார்கிட்ட வைங்க, நான் கேட்டுக்கறேன்" என்பார். நான் வயலில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் கடையில் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார்: "பேரிங் போச்சு."

எல்லாவற்றுக்கும் அவருக்கு பேரிங்தான். ஒரு கல்யாணத்தில் பாதி பிரியாணியில் எழுந்து வெளியே போய், ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தார். "பேரிங் போச்சு. சீக்கிரம் சாப்பிடுங்க, ஃபேன் நின்னுடும்." மாப்பிள்ளை வீட்டார் முறைத்தார்கள். தயிர்ப்பச்சடி வருவதற்குள் எல்லா ஃபேனும் நின்றது. பாய் தாடியைத் தடவிக்கொண்டு இன்னொரு கரண்டி பிரியாணி கேட்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறவர்கள் அத்தர் தொட்ட பஞ்சைக் காது மடலில் செருகிக்கொள்வது உண்டு. பாய் தினமும் செருகினார், அதுவும் இடது காதில் மட்டும். "என்ன பாய், புதுமாப்பிள்ளையா?" என்று கேலி செய்வோம். சிரித்துக்கொள்வார். அந்தக் காதில் வெகுநாளாகச் சீழ் வடிந்ததும், நாற்றத்தை மறைக்கத்தான் அத்தர் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

ஒருநாள் கடையில் எழுந்தவர் அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டார். "கடை சுத்துது தம்பி."

"பேரிங் போயிருக்கும் பாய்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு ஓடினேன்.

"முதல்ல அந்தப் பஞ்சை எடுங்க" என்றார் காது டாக்டரம்மா.

"வேணாம்மா, உங்களுக்குத் தாங்காது."

பாய் எடுத்தார். நான் நைசாக ஜன்னல் ஓரம் நகர்ந்தேன். டாக்டரம்மா காதுக்குள் பார்த்துவிட்டுப் பிடிபிடியென்று பிடித்தார். "இந்த நாத்தம் வந்தப்பவே வந்திருக்கணும். அத்தர் போட்டு மறைச்சீங்களாக்கும்! மூக்குக்குப் பின்னாலேருந்து நடுக்காதுக்குக் காத்து போற குழாய் உங்களுக்குச் சரியா வேலை செய்யல. உள்ள காத்து குறைஞ்சு, செவிப்பறை உள்பக்கமா இழுத்துக்கிச்சு."

பாய் முகம் மலர்ந்தது. "ஃபுட்வால்வு அடைச்சா, தண்ணி இழுக்குற சக்‌ஷன் ஓஸ் உள்ள ஒட்டிக்குமே, அப்படியா?"

"அப்படியேதான். அந்தக் குழியில தோல் மாட்டிக்கிச்சு. உதிர்ற தோல் வெளிய வர வழியில்லாம, மேல மேல சேர்ந்து உருண்டையா வளருது. புற்றுநோய் இல்ல. ஆனா எலும்பை அரிக்கும். சத்தத்தைக் கடத்துற குட்டி எலும்பு ஏற்கெனவே அரிச்சுப்போச்சு. விட்டா மூளை வரைக்கும் போகும். ஆபரேஷன் பண்ணியே ஆகணும்."

"பண்ணுனா காது கேக்குமாம்மா?"

"முதல்ல நோயை எடுப்போம். கேக்குறத அப்புறம் பாக்கலாம்."

"வலது காது இருக்கே பாய்" என்றேன்.

"ஒத்தைக் காதை வச்சுக்கிட்டு என்ன தொழில் பண்றது தம்பி?" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்துச் சில வாரம் கழித்து எனக்கு போன் வந்தது. "தம்பி, இடது காதுல வச்சிருக்கேன். நீங்க எதுவும் பேசாதீங்க. போனை மோட்டார்கிட்ட வச்சு, ஓட விடுங்க."

போனை மோட்டார் மேல் வைத்துவிட்டு சுவிட்சுப் பெட்டியைத் திறக்கப் போனேன். அதற்குள் ஸ்பீக்கரில் அவர் குரல், அடித்துச் சொன்னது: "பேரிங் போச்சு!"

நான் இன்னும் சுவிட்சே போடவில்லை. "ஆமா பாய், போச்சு!" என்று வயலே அதிரக் கத்தினேன்.

மறுநாள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய் அவர் கடையில் இறக்கினேன்.

"எதுக்கு தம்பி தூக்கிட்டு வர்றீங்க? எத்தனை தடவை சொல்றது!" என்று ஆரம்பித்தார். நான் காது குளிரக் கேட்டுக்கொண்டு நின்றேன்.