சிங்கப்பூர்ப் பட்டை

ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனி வாசலில் அன்று இருந்தவர்கள்: பழைய முதலாளி அய்யாதுரை, இப்போது கம்பெனியை நடத்தும் அவருடைய தம்பி மகன் சங்கரலிங்கம், காவலாளி முனியராஜ், வேன் டிரைவர் பாண்டிச்செல்வம், அய்யாதுரையின் நாய். வேறு யாருமில்லை. ஊரே கூடி நின்றதாகப் பிறகு பலர் சொன்னது பொய்.

உள்ளே ஆயுத பூஜை. உள்ளே போகப் பார்த்த அய்யாதுரையை முனியராஜ் வழிமறித்தான்.

"நாய் கழுத்துப் பட்டையில பேட்டரி இருக்குய்யா. வெடிமருந்து இருக்கிற எடத்துக்குள்ள செல்போனு, பேட்டரி எதுவும் ஆகாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதான?"

"அதைக் கழட்ட முடியாதுலே, எம் மவன் அனுப்புனது. நாய் எங்கூடவேதான திரியுது, நான் எங்கன போறேன், எங்கன நிக்கேன்னு சிங்கப்பூர்ல இருந்து சபரி போன்ல பாத்துக்கிட்டே இருப்பான். ஒரு நிமிசம் அணைஞ்சாப் பதறிருவான். கயித்துல கட்டுன மாதிரில்ல வச்சிருக்கான் என்னைய!"

அலுத்துக்கொண்டாலும் தலை நிமிர்ந்தே இருந்தது. மனைவி போனபின் அந்தப் பெரிய வீட்டில் அவரும் நாயும்தான். ஆனால், பிள்ளை கவனிக்காத தகப்பன் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது.

செல்போனை முனியராஜிடம் கொடுத்தார். நாயைக் காலி வேனுக்குள் கட்டிவிட்டு உள்ளே போனார்.

பொரிகடலையோடு திரும்பியபோது வேனைக் காணோம்.

"தாயில்பட்டிக்கு லோடு எடுக்கப் போயிருச்சுய்யா," என்றான் முனியராஜ்.

"ஏலே, நாய்?"

"அதுவுந்தான்."

சங்கரலிங்கம் பதறினான். "பெரியப்பா, ஒங்களத்தான் யாரோ தூக்கிட்டுப் போறான்னு அண்ணன் நெனச்சிருவாக. நானே போன் போட்டுச் சொல்லிருதேன்."

"வேண்டாம்!" போட்ட சத்தத்தில் பொரி சிதறியது. "மீட்டிங்ல இருப்பான்."

"பாத்துக்கிட்டே இருப்பாகன்னு இப்பத்தான சொன்னீக?"

"மீட்டிங்ல இருந்துக்கிட்டே பாப்பான்."

அதற்குள் சங்கரலிங்கம் சபரியின் எண்ணைத் தட்டியிருந்தான். மணி அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

"ஒங்க போனும் இதுவரைக்கும் அடிக்கலயேய்யா," என்றான் முனியராஜ்.

அய்யாதுரை போனை வாங்கித் துண்டால் துடைத்துப் பைக்குள் போட்டார். "மரியாதை தெரிஞ்ச பய. பூசை நேரத்துல கூப்பிட மாட்டான்."

வேன் திரும்பி வந்தது. சீட்டை முழுக்கக் கடித்து வைத்திருந்த நாயை இறக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், முதுகு வளையாமல் நடந்தார். நாய்தான் அவரை இழுத்துக்கொண்டு போனது.

முனியராஜ் பெருமூச்சு விட்டான். "என்னமோ போ. அப்பனைப் பாத்துக்கிட சிங்கப்பூர்ல இருந்து பட்டை வாங்கி அனுப்புற பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும்?"

பாண்டிச்செல்வம் கிழிந்த சீட்டைத் தட்டிக்கொண்டே சொன்னான்.

"சிங்கப்பூரும் இல்ல, பிள்ளையும் இல்ல. திருத்தங்கல் கடையில அய்யாவேதான் வாங்குனாக. கூட்டிட்டுப் போனதே நான்தான்."