வணக்கம் சொல்லும் பொம்மையும் குகன் கொடுத்த வாக்குமூலமும்

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை.

முன்னாள் லான்ஸ் கார்ப்பரல் குகன் அவர்களுக்கு, முன்னாள் சார்ஜண்ட் தம்புசாமி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் ராஜம்மாவும் என் முட்டிவலியும் சௌக்கியம். அங்கே தெலுக் பங்லிமா காராங்கில் நீங்களும் மகள் ரோகிணியும் சௌக்கியமா என்று கேட்க இன்று எனக்கு மனசில்லை. கேட்காவிட்டால் மரியாதையில்லை என்பதால் கேட்டுவிட்டேன். காரில் ஏறினால் காப்பி ஆறுவதற்குள் வந்துவிடக்கூடிய ஊருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். ஃபோனில் என்றால் நீ நடுவில் புகுந்து பேசுவாய். கடிதத்தில் அது முடியாது. பார், அதற்குள் 'நீ' வந்துவிட்டது. போகட்டும், ஒரே கூடாரத்தில் படுத்தவனை எவ்வளவு நேரம்தான் 'நீங்கள்' என்பது?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்து, பட்டாளத்தில் இருந்த நம்மவர்களுக்காக ஓர் அருங்காட்சியகம் திறக்கப் போகிறார்கள் அல்லவா, அதற்கு என் வீரப் பதக்கங்களைக் கேட்டு மெஹ்ரின் என்ற பெண் வீட்டுக்கு வந்தாள். அருங்காட்சியகத்தின் பொறுப்பு அவளுடையது. "டாக்டர் மெஹ்ரின்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ராஜம்மா என் கைலியை முட்டிக்கு மேல் இழுத்துவிட்டு, "இந்த இடந்தாம்மா, மழை வந்தா தூங்க விடாது" என்றாள். போர்வீரனாக அறிமுகமாக வேண்டும் என்று தலையெல்லாம் படிய வாரி உட்கார்ந்திருந்தவன், தைலம் தேய்த்த முட்டியாக அறிமுகமானேன். "ஆன்டி, நான் சரித்திர டாக்டர்லா" என்று அந்தப் பெண் சிரித்த பிறகுதான் கைலி இறங்கியது.

பதக்கங்கள் எங்கே இருந்தன என்று உனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் சாமி மேடையில், முருகனுக்குப் பக்கத்தில். மெஹ்ரின் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து முகம் சுளித்தாள். "அங்கிள், சிவப்பா ஏதோ படிஞ்சிருக்கே. துருவா, கெமிக்கலா?" எனக்கு முன்னால் ராஜம்மா பாய்ந்தாள். "துருவா? வெள்ளிக்கிழமை தவறாம நான் வெச்ச குங்குமம்மா அது!" பதக்கம் வாங்கியவன் உயிரோடு அதே வீட்டில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருக்க, பதக்கத்துக்கு மட்டும் பூவும் பொட்டும் நடந்துவந்த விஷயம் இப்படி வெளியே வந்தது. மெஹ்ரின் நல்ல பெண். கொஞ்சம் யோசித்து, "துடைக்க மாட்டோம் ஆன்டி, அப்படியே வெப்போம்" என்றாள். ராஜம்மாவும் சந்தோஷமாகத்தான் எடுத்துக் கொடுத்தாள்.

கொடுத்த பிறகுதான் வினை. வெள்ளிக்கிழமை வந்தால் காலியான இடத்தின் முன்னால் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் முருகனுக்கே இரண்டு பங்காக வைக்கிறாள். சாப்பாடு இறங்கவில்லை. எல்லாவற்றையும்விட மோசம், என்னைத் திட்டுவதே இல்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுப் பார்த்தேன், பேசாமல் எடுத்துக் காயப்போட்டாள். அவள் திட்டாத வீட்டில் இருந்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் புரியும் குகா.

சரி, பதக்கத்தை ஒரு தடவை கண்ணில் காட்டினால் தெளிவாள் என்று கொமுட்டர் ரயிலில் கூட்டிப் போனேன். அங்கே என்னுடைய பழைய சீருடையை ஒரு பொம்மைக்கு மாட்டியிருந்தார்கள். பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் இனாமாகக் கொடுத்த பொம்மையாம். ரோஸ் நிறம், சிவந்த உதடு, கல்யாண ஜிப்பா போட்டு வாசலில் நிறுத்துவதற்காகச் செய்தது. இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறது. கையைப் பிரிக்க முடியாதாம், பிரித்தால் உடைந்துவிடுமாம். நெஞ்சில் வீரப் பதக்கம், கையில் கும்பிடு. சுட்டுவிடாதீர்கள் சாமி என்று எதிரியிடம் கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது. ராஜம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பரவால்லைங்க, உங்களவிட பணிவா இருக்காரு" என்றாள். அன்று முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான்.

பொம்மையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது நீ செய்த வேலை. பதக்கத்துக்குக் கீழே வைக்கிற விளக்க அட்டைக்கு நான் அடக்கமாக இரண்டு வரி சொல்லியிருந்தேன்: 'கொட்டும் மழையில், எதிரிகளின் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே, காயமடைந்த சக வீரர் ஒருவரைத் தன் முதுகில் சுமந்து காப்பாற்றினார்.' இதில் என்ன பொய்? சரிபார்க்க வேண்டும் என்று மெஹ்ரின் உனக்கு ஃபோன் போட்டாளாம். நீ என்ன சொன்னாய்? "என்னைத் தூக்குனான், இல்லேன்னு சொல்லல. ஆனா எதிரி இருந்த பக்கமாவே தூக்கிட்டுப் போனான். நாந்தான் பின்னாலேருந்து காதப் பிடிச்சுத் திருப்புனேன்." அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு இதை என்னிடம் படித்துக் காட்டுகிறாள். என் காது அப்போதே சூடாகிவிட்டது.

நீயே சொல், மழையும் புகையும் சேர்ந்தால் காட்டில் எந்த மரம் எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? ஆறு இடது பக்கம் இருக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. எந்தப் பக்கம் பார்த்து நின்றால் இடது என்பதுதான் மறந்துவிட்டது. எதிரிப் பக்கமாக நடந்திருந்தாலும் பயப்படாமல்தானே நடந்தேன்? காலில் குண்டு பாய்ந்தும் இடுப்பில் கட்டியிருந்த சார்டின் மீன் டின்னை நீ விடவில்லை. வழியெல்லாம் அது என் விலாவில் இடித்ததை நான் யாரிடமாவது சொன்னேனா? சார்ஜண்ட் என்ற முறையில் உத்தரவிடுகிறேன்: உடனே மெஹ்ரினைக் கூப்பிட்டு உன் வாக்குமூலத்தை வாபஸ் வாங்கு. இல்லாவிட்டால் திறப்பு விழாவுக்கு வராதே. வந்தாலும் என் பக்கத்தில் உட்காராதே.

முருகன் உனக்கு நீண்ட ஆயுளையும், அதைவிட முக்கியமாகக் கொஞ்சம் ஞாபக மறதியையும் அருள வேண்டும். ரோகிணிக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தம்புசாமி

பி.கு: மேலே எழுதியதில் உன் விலாசம் உட்பட எதுவும் செல்லாது. உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ரோகிணியின் கார் வந்து, நீ கம்பை ஊன்றி இறங்கினாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ ராஜம்மாவிடம் போய், அந்தக் கதையை முதலிலிருந்து, மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி என் இரண்டு காதையும் பிடித்துக் காட்டி நடித்தாய். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தன வருசமா இதுக்கா நான் பூ வெச்சேன், வழி தெரியாத மனுசா!" என்று என்னைத் திட்ட ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. எனக்குப் போன உயிர் வந்தது.

அவள் சமையலறைக்குப் போன பிறகு நீ மெல்லச் சொன்னாய்: "அட்டையில 'சக வீரர் ஒருவர்'னு போட்டிருந்தாங்கடா. உன் காதப் பிடிச்சாத்தான் என் பேரும் அதுல ஏறும்னு தோணுச்சு." பேரைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையடா. நீ சாய்வு நாற்காலியில் தூங்கிவிட்டாய். நான் மெஹ்ரினைக் கூப்பிட்டு, நீ சொன்னதையே உன் பெயரோடு போடச் சொல்லிவிட்டேன், காது உட்பட. இரவுக்குத் தோசையா இடியாப்பமா என்று ராஜம்மா கேட்கிறாள். எழுந்ததும் சொல்.