மூன்று கூட்டங்களும் ஒரு குடையும்

மைதா மாவு கொதித்துப் பசையாகும் வாசனை வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். போன வாரம் எங்கள் தெருமுனையில் சுவரொட்டிக்காரர்கள் டின்னில் பசை காய்ச்சினார்கள். கொஞ்சம் மயில்துத்தம், கொஞ்சம் விறகுப் புகை, கொஞ்சம் புளிப்பு. மாடியில் நின்றபடி நான் அந்த நால்வரையும் வரிசையாகப் பார்த்தேன். இதில் எதிரணிக்குத் தகவல் சொல்கிறவன் எவன்? (ஒட்டியது குளியல் சோப்பு விளம்பரம்.)

தேர்தல் முடிவு நாட்களில் தொலைக்காட்சியில் கோட்டு மாட்டிக்கொண்டு, "இங்கே உள்ளடி வேலை நடந்திருக்கிறது" என்று கண்ணைச் சுருக்கிச் சொல்கிறேனே, அந்த மனிதர் வியூகம் வகுத்தது வாழ்நாளில் ஒரே ஒரு தேர்தலுக்கு. அதில் நடந்ததற்குப் பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதனால்தான் விமர்சகன் ஆனேன்.

ஐம்பதுகளின் கடைசி. கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் ஜோகுபாளையத்தில் அக்கா சரோஜா வீட்டில் தங்கி, பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, மீதிப் பாதியை யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா புருஷன் தேவராஜ் மாமா ஃபேக்டரியில் லேத் வேலை. வார்டு தேர்தலில் சுயேச்சையாக நின்றார். சின்னம் குடை. நின்ற காரணம் ஒன்றே ஒன்று: எங்கள் சந்துக்குக் குழாய் கிடையாது. அக்கா விடியலில் பழைய மெட்ராஸ் ரோட்டைத் தாண்டிப் போய்த் தண்ணீர் பிடித்து வருவாள். இடுப்பில் குடம் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த இடம் கறுத்தே போயிருந்தது. மாமா ஜெயித்தால் குழாய் வரும். அவ்வளவுதான் எங்கள் தேர்தல் அறிக்கை.

எதிரில் நின்றவர் கோவிந்தராஜு. அவரும் அதே ஃபேக்டரி. சின்னம் ஏணி.

என்னை யாரும் நியமிக்கவில்லை. நானாகவே ஒரு நோட்டு வாங்கி, அட்டையில் 'ரகசியம்' என்று பெரிய எழுத்தில் எழுதியதால் பதவி வந்தது.

முதல் வாரத்திலேயே நோட்டுக்குள் சந்தேக எறும்பு புகுந்தது. செவ்வாய்க்கிழமை தமுக்கோடு ஊர்வலம் என்று நாங்கள் முடிவெடுத்தால், அதே தெருவில் ஒரு மணி நேரம் முன்னால் ஏணியின் தமுக்கு போனது. நாங்கள் பார்த்து வைத்த சுவரில் விடிந்தால் ஏணி. 'சந்துக்கு ஒரு குழாய்' என்று நான் மண்டையைக் குடைந்து எழுதிய வாசகம் அவர்கள் நோட்டீசிலும் அச்சாகி வந்தது. யாரோ சொல்கிறார்கள். தெருவில் யார் சிரித்தாலும் அது ஏணிச் சிரிப்பாகத் தெரிந்தது. அக்கா வீட்டுப் பூனை கோவிந்தராஜு வீட்டுப் பக்கம் போனதைக்கூட நோட்டில் குறித்தேன்.

எங்கள் அணியில் தூண்கள் மூவர். ஜட்கா ஓட்டும் காதர் பாய், தையற்கடை தனபால், பால்கார நாராயணப்பா. துரோகி இவர்களில் ஒருவர்தான். ஓட்டுப்பதிவுக்கு முந்தின மாலை கடைசிக் கூட்டம், இடம் அரசமரத்தடி. அதிலேயே பொறி வைத்தேன். மூவருக்கும் தனித்தனியாக வெவ்வேறு பொய் இடத்தைச் சொல்வது. ஏணிக்காரர்கள் எந்த இடத்துக்கு வருகிறார்களோ, அந்த இடத்துக்காரர்தான் துரோகி. பிறகு மூவரையும் மரத்தடிக்கு அழைத்துக்கொள்ளலாம். நிஜம் தெரிந்தவர் மாமா மட்டும்.

"பாய், மீட்டிங் ஏரிக்கரைக்கு மாத்தியாச்சு. உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன்."

"நமக்கு மட்டுமா சாப்?" பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷத்துல ஒருத்தன் நம்மள நம்பி ஒரு விஷயம் சொன்னதில்ல."

நாராயணப்பாவுக்கு மாட்டுக்கொட்டகை மைதானம். "ஆகலி ஸ்வாமி, ஆகட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார். தனபாலுக்கு அவர் கடை வாசலே.

"ஏன் தம்பி இவ்ளோ மெதுவா பேசுற, தொண்டை கட்டிக்கிச்சா?"

"ரகசியம்ண்ணே."

"என் கடை வாசல்ல நடக்கறது எனக்கே ரகசியமா?"

மறுநாள் சாயங்காலம் சைக்கிளில் ஏரிக்கரைக்குப் போய்ப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பொய் இடத்தில் பாயைத் தவிர நம் ஆள் யாரும் இருக்கக்கூடாது. ஆனால் பாய், ஜட்காக்காரர்கள் அத்தனை பேரையும் குடும்பத்தோடு ஓட்டி வந்திருந்தார். நம்பிச் சொன்னால் ஆள் சேர்ப்பதுதான் எங்கள் பக்கத்து விசுவாசம் என்பதை என் நோட்டு யோசிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கோவிந்தராஜு தகர ஒலிக்குழாயோடு வந்தார், கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார், பிறகு பேசத் தொடங்கினார். கை தட்டினார்கள்.

பிடித்தேன் துரோகியை. பாய்.

உறுதி செய்துகொள்ளத் தனபால் கடைக்கு மிதித்தேன். அங்கே தையல் மிஷின்களை ஓரம் கட்டி, பெஞ்சு போட்டு, தெருவே உட்கார்ந்திருந்தது. பத்து நிமிஷத்தில் அங்கேயும் ஏணி. அப்படியானால் தனபாலும். மாட்டுக்கொட்டகையில் கோவிந்தராஜுவுக்கு நாராயணப்பா சொம்பில் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று பேருமே துரோகிகள்! என் சந்தேகம் இவ்வளவு முழுமையாக நிரூபணமானதில் ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகுதான் மாமா ஞாபகம் வந்தது.

அரசமரத்தடியில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். மாமா பெஞ்சு மேல் நின்று, விரித்த குடையோடு, குழாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எதிரே அக்கா, குடம், ஒரு நாய். மழை இல்லை. இலைகள் மட்டும் சலசலத்தன, தூரத்தில் கேட்கும் கைதட்டல் மாதிரி. தூரத்தில் நிஜமாகவே கைதட்டல் கேட்டது.

மாமா தோற்றார். காதர் பாயிடம் போய் நேருக்கு நேர் கேட்டேன்.

"இட்டாந்த ஜனத்துக்கு நான் என்ன சொல்றது?" என்றார். "நீங்க யாரும் வரல. அந்தாளு வந்தாரு, மைக் மாதிரி ஒண்ணு வெச்சிருந்தாரு. உக்காந்து கேட்டோம். ஓட்டு நமக்குத்தான் போட்டேன் சாப். மத்தவங்க வந்து பேசுனவருக்குப் போட்டாங்க."

அக்கா திட்டவில்லை. "மூணு கூட்டம் போட்டவரே, குடத்தை எடுங்க" என்றாள். ஊரைவிட்டுக் கிளம்பும்வரை தண்ணீர் நான்தான் சுமந்தேன். குழாய் பிற்பாடு கோவிந்தராஜு புண்ணியத்தில் வந்தது. முதல் குடம் பிடித்தது அக்கா. இன்றும் தொலைக்காட்சியில் என் முகம் தெரிந்தால், "மூணு கூட்டத்துக்காரன் வந்துட்டான், சத்தத்தைக் குறைங்க" என்கிறாள். பேரன் பேத்திகளுக்கு என் பெயரே அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட மாமாதான் வந்தார். பெட்டியை மேலே போட்டுவிட்டு ஜன்னலோரம் நின்றார். என்னால் அடக்க முடியவில்லை.

"மாமா, நம்ம திட்டத்தையெல்லாம் அவங்களுக்குச் சொன்னது யாரா இருக்கும்?"

"நான்தான்."

பஸ் உறுமியது.

"ஒரே பெஞ்சுல வேலை செய்யறோம், ஒண்ணா டீ குடிக்கறோம். கோவிந்தராஜு கேப்பான், சொல்லுவேன். கடைசி நாளும் கேட்டான். அரசமரத்தடின்னு சொன்னேன். நம்ம மீட்டிங்குக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னுதான் பாவம், வேற பக்கமா போனான். போன பக்கமெல்லாம் ஜனம் உக்காந்திருந்துச்சாம்."

"மாமா..."

பஸ் நகர்ந்தது. கூடவே நாலு எட்டு நடந்தார்.

"ஊரையே சந்தேகப்பட்டியேடா. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."