சோழபுரத்திலிருந்து இரண்டு வேன்

ஐந்து நிமிடம் காலாட்டாமல் உட்காரத் தெரியாதவன் கையில் டிவி ரிமோட்டைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் போர் வரப்போகிறது என்று கத்துகிற நாடகத்தை அவன் பார்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் வீட்டில் அந்த முன்ஜாக்கிரதை இல்லை. என் தங்கை செல்வியின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

நாடகத்தில் யாரோ ஒரு வெளிநாட்டுத் தலைவர். தமிழில் டப் செய்திருந்தார்கள். பக்கத்து நாட்டுக்காரன் படை திரட்டுகிறான், நாம் தூங்குகிறோம் என்று சபையில் தொண்டை கிழியக் கத்துவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒருவர் கொட்டாவி விடுவார். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு ஹாலில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடப்பேன். (மில்லில் ஷிப்டு சூப்பர்வைசராக இருக்கும் என் பேச்சையும் ஒருத்தரும் கேட்பதில்லை. அந்த விதத்தில் அவரும் நானும் ஒரே ஜாதி.) நாலு எபிசோடுக்குள் நானே அவராகிவிட்டேன்.

அப்போதுதான் செல்விக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா அங்கே பால்கோவா கடை வைத்திருப்பவர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். நிச்சயத்துக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவர், காபியைப் பாதியில் வைத்தார். "போயிட்டு வாரேன்" என்று சொல்லாமலே படியிறங்கினார். அதற்கு மறுநாளிலிருந்து மாப்பிள்ளையின் குட்மார்னிங் எங்கள் வாட்ஸப் குரூப்பில் வரவில்லை.

எனக்கு விளங்கிவிட்டது. எல்லாம் போர்க்குறி!

"அப்பா, அவிய ஏதோ மனசுல வச்சிருக்காவ. நிச்சயத்தன்னைக்குப் பெரிய சண்டை நடக்கும், பாருங்க."

அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ஏலே, நான் நெசமான பார்டர்லயே நிம்மதியாத் தூங்குனவன். நீ காபி டம்ளரப் பாத்து நடுங்குதியே" என்றார். அம்மா சிரித்தாள். செல்வி கொட்டாவி விட்டாள். அப்படியே நாடகத்தில் வந்த காட்சி!

நாடகத் தலைவர் அடுத்து என்ன சொன்னார்? கேட்காதவர்களிடம் கெஞ்சாதே, படையைத் தயார் செய் என்றார். நான் மொட்டைமாடிக்குப் போய், சோழபுரத்தில் இருக்கும் தாய்மாமனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, நிச்சயத்துல பிரச்சனை வரும் போலருக்கு. ஆளுக வேணும்."

"எம்புட்டுப் பேருடா?"

"எம்புட்டு முடியுமோ அம்புட்டு."

இதற்குப் பிறகுதான் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

நிச்சயத்தன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் எங்கள் பக்கம் முப்பது பேர் என்று சொல்லியிருந்தோம். டிபன் முடிந்ததும் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. நாங்கள் முப்பது பேர் இறங்கி சந்தனம் பூசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு வேன்கள் வந்து நின்றன. உள்ளேயிருந்து மீசைகள் இறங்கின. ஒரு பெண் இல்லை, ஒரு குழந்தை இல்லை, ஒரு பந்து பூ கூட இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலின் இரு பக்கமும் நின்றார்கள்.

பெரியப்பா அவர்களை மேலும் கீழும் பார்த்தார். "சம்பந்தி, இவுக நிச்சயத்துக்கு வந்தவுகளா, அடிதடிக்கு வந்தவுகளா?"

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆனால் நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன்.

சண்டை எதுவும் தொடங்குகிற மாதிரி தெரியாததால் என் படை சலித்துப்போனது. விடியலில் வெறும் வயிற்றோடு கிளம்பியவர்கள். பொங்கல் வாசனை வரவே, நேராக முதல் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே சாப்பிட்டார்கள். அடுத்த பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இலை முன்னால் உட்கார்ந்தபோது, அண்டாவைச் சுரண்டும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

பெரியப்பா வெடித்தார். "எங்க ஊருல, எங்க வீட்டுப் பொம்பளைக, போட்ட இலைய விட்டு எந்திரிக்கணுமா? தட்டு மாத்த வேண்டாம். எல்லாத்தையும் எடுத்து வைங்க!"

உடனே மாமா எழுந்தார். அவர் பின்னால் இரண்டு வேனும் எழுந்தது. அந்த நேரத்தில் தங்கையின் வாழ்க்கை போகிறதே என்று எனக்குப் பதறியிருக்க வேண்டும். இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நாற்காலியில் ஏறி நின்று, "நான் அப்பவே சொன்னேன்ல! சண்டை வரும்னு சொன்னேன்ல! யாராச்சும் கேட்டீகளா?" என்று கத்தினேன்.

மண்டபமே என் பக்கம் திரும்பியது. மாமா என்னைக் காட்டி, "மருமகன் கூப்பிட்டான், வந்தோம்" என்றார்.

அப்பா மெதுவாக என் நாற்காலிக்குக் கீழே வந்து நின்றார். "படைய வரச்சொன்னியே, ரேஷன் வரச்சொன்னியாலே?"

அப்போதுதான் செல்வியைப் பார்த்தேன். பட்டுப்புடவையோடு மணப்பெண் அறை வாசலில் நின்றிருந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. அவள் நேராகப் பெரியப்பாவிடம் போனாள்.

"மாமா, தப்பு எங்க மேலதான். எங்க அண்ணன் டிவி பார்த்துக் கெட்டுப்போச்சு. சமையல்கட்டுல ரவை இருக்கா? அண்ணன் கிண்டட்டும். அதுவே பரிமாறட்டும். பொறவு நீங்க முடிவு பண்ணுங்க."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் நாற்காலியிலிருந்து இறங்கினேன். என் படைக்காரர்கள் வெங்காயம் உரித்தார்கள். நான் உப்புமா கிண்டி, கட்டி தட்டிப்போனதை அந்தப் பெண்கள் ஒவ்வொருவர் இலையிலும் குனிந்து வைத்தேன். "உப்பு பத்தல" என்றார் ஒரு அம்மா. "இந்தப் பிள்ளை கூட்டியாந்த படையப் பாத்தா அம்புட்டு நேரம் பயந்தோம்?" என்றார் இன்னொருவர். சிரிப்பு அங்கிருந்துதான் கிளம்பியது. பெரியப்பா கடைக்கு ஆளனுப்பி பால்கோவா வரவழைத்தார். எல்லோருக்கும் கொடுத்தார், அவர் மட்டும் தொடவில்லை.

"கடைவாய்ப் பல்லு. ரெண்டு வாரமா உசிரெடுக்கு. சூடும் ஆகல, இனிப்பும் ஆகல. வாயத் தொறந்தா வலிக்கு" என்றார்.

மாப்பிள்ளையின் போன் கிணற்றில் விழுந்திருந்ததாம்.

தட்டு மாற்றினார்கள். கல்யாணமும் நடந்தது. செல்வி இப்போது பால்கோவா கடை கல்லாவில் உட்கார்ந்து, பெரியப்பாவையே அதட்டுகிறாள். நாடகத்தில் அந்தத் தலைவரின் பேச்சை யாராவது கடைசியில் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. ரிமோட்டைத் தொட்டாலே அப்பா, "ரவை இருக்கான்னு பாத்துக்கிடு" என்கிறார்.

போன மாதம் செல்வியின் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமனாகச் சீர்த்தட்டோடு போய் இறங்கினேன். பெரியப்பா வாசலில் கை கூப்பி நின்றார். "வாங்க" என்று சொல்லும் முன்னால் என் தோளுக்கு மேலாக எட்டி, தெரு முனைவரை ஒரு பார்வை பார்த்தார். மேகம் கறுத்திருந்தது. "மாமா, மழை வரும் போலருக்கே" என்றேன்.

உள்ளேயிருந்து செல்வி குரல் கொடுத்தாள்: "எத்தன வேன்ணே?"