அண்ணனா தம்பியா, யார் அசல்?

"தம்பி, ஓடைப்பட்டி திராட்சைன்னு கூகுள்ல அடிச்சா சங்கிலி தோட்டம்தேன் வருது. என் தோட்டத்த என்ன செஞ்சீக?"

போனில் ராக்கையா சத்தமே போடவில்லை. சகாய பிரவீனுக்கு அதுதான் பயமாக இருந்தது. சென்னை வேலையை விட்டுவிட்டுத் தேனியில் வெப்சைட் செய்து தரும் கடை போட்டிருந்தான். இதுவரை சிக்கிய வாடிக்கையாளர்கள் ராக்கையாவும் அவர் தம்பி சங்கிலியும்தான். தோட்டத்தைப் பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

ஆனால் தனித்தனியே வந்து வெப்சைட்டில் போட அவர்கள் கொடுத்த விவரம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. மறைந்த அப்பா சொன்ன வாசகமாம். கிணறு, மோட்டார், பந்தல் கல் வரை பிரித்தவர்கள் இதை மட்டும் ஆளுக்கு முழுசாக எடுத்துக்கொண்டார்கள். மாற்றி எழுதட்டுமா என்று கேட்டதற்கு இருவருமே முறைத்தார்கள்.

ஒரே எழுத்து இரண்டு தளத்தில் இருந்தால் கூகுள் ஒன்றைத்தான் காட்டும். அதற்குத்தான் கனானிக்கல் டேக் என்று ஒரு வரி இருக்கிறது. 'நான் நகல், அசல் அங்கே' என்று கூகுளுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லும். பிரவீன் அண்ணனை அசலாக்கினான்.

கூகுளில் தம்பி காணாமல் போனார். போன் வந்தது. தம்பியை அசலாக்கினான். அண்ணனிடமிருந்து போன் வந்தது. ஒருவருக்கொருவர் அசல் என்று போட்டான். கூகுள் குழம்பிப்போய் ஒருநாள் அண்ணனையும் ஒருநாள் தம்பியையும் காட்டியது. இப்போது இரண்டு பேரிடமிருந்தும் போன் வந்தது.

அப்போதுதான் தேடலின் அடியாழத்தில் அதே வாசகத்தோடு ஒரு பழைய பக்கம் அகப்பட்டது. ஒரு திராட்சைக் குலையின் படம், ஒரு போன் நம்பர், அவ்வளவுதான். அப்பாடா, யாரும் ஓரவஞ்சனை என்று சொல்ல முடியாது. இரண்டு தளத்திலும் அதையே அசல் என்று போட்டுவிட்டான்.

கூகுளில் அண்ணன், தம்பி இருவருமே காணாமல் போனார்கள். பதறிப்போய் அந்த நம்பருக்கு அடித்தால் எப்போதும் பிஸி.

ஞாயிற்றுக்கிழமை, பேசாத சகோதரர்கள் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். பஞ்சாயத்துக்குச் சாட்சியாகத் தங்கை விஜியும் வந்திருந்தாள். அவள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள்.

"பழம் வெட்டுக்கு நிக்குது. ஒரு வியாபாரி கூப்பிடல. நாங்க என்ன செய்ய?" என்றார் சங்கிலி. ராக்கையா முதல்முறையாகத் தம்பி சொன்னதற்குத் தலையாட்டினார்.

கடையை மூட வேண்டியதுதான் என்று நினைத்தபடி, நடந்த எல்லாவற்றையும் பிரவீன் ஒப்புக்கொண்டான். அந்தப் பழைய பக்கத்தைத் திறந்து கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினான்.

நம்பரைப் பார்த்ததும் அண்ணனும் தம்பியும் ஒரே சமயத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

விஜி போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்: "காலேஜ் படிக்கயில நம்ம அய்யா சொல்லச் சொல்ல நான் எழுதிப் போட்டதுண்ணே, பாகம் பிரிச்சப்ப இத யாரும் கேக்கல. கொச்சி வியாபாரி லைன்ல இருக்காக, ஆளுக்கு எத்தன பெட்டி எனக்குத் தருவீக?"